பருவதமலைப் பாதை



திருவேட்களத்துப் பாசுபதேசுவரர் திருமுன்னர், இத்திருவிழா நன்னாளில், மலையேற்றத்தைப் பற்றிப் பேசுமாறு அன்பர்கள் பணித்துள்ளனர். நம் பகுதியில் மலை ஏது? வயலும் வாய்க்காலும் உப்பங்கழியும் சூழ்ந்த தில்லையில் வானளாவி நிற்பன கோபுரங்களே. 1929-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் கண்ட வள்ளலின் பெயரால் இவ்விடம் அண்ணாமலை நகர் ஆயிற்று. பெயரில் மலை உண்டு, ஊரில் இல்லை. எனினும், அருச்சுனன் தவம் புரிய, இறைவன் வேட்டுவனாய் வந்து, ஒரு பன்றியின் பொருட்டுப் போர் தொடுத்து, அடியும் பட்டுப் பின் பாசுபதம் அருளினான் என்பது இத்தலத்து வரலாறு அன்றோ? வேடனுக்கு உரியது காடும் மலையும். ஆகவே இங்கு மலையைப் பேசுதல் பொருந்தாததன்று.

திருவண்ணாமலை மாவட்டத்தில், தென்மாதிமங்கலத்தை அடுத்து நிற்பது பருவதமலை. உச்சியில் மல்லிகார்ச்சுனரும் பிரமராம்பிகையும் எழுந்தருளியுள்ளனர். உயரம் ஏறக்குறைய 4,500 அடி. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாத்தில், காரியுண்டிக் கடவுள் உறையும் நவிரமலை எனப்படுவது இதுவே என்பர் அறிஞர். 1889-இல் உ.வே. சாமிநாதையரவர்கள் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சிட்டு அளித்திராவிடில் இச்செய்தி நமக்கு எட்டியிராது. செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெற்ற கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட வேறொரு கூத்தனுக்கு வழி சொல்வதே அப்பாட்டு. எத்துணை நுட்பமாகச் சொல்கிறான்! பன்றி பிடிக்கும் பொறிகள் வழியில் உள. ஆதலின் பொழுது விடிந்த பின்னரே செல்லுக என்கிறான். பாம்பு மறைந்துறையும் குழிகள் உள. விறலியர் கைதொழ, ஒதுங்கிப் போகுக என்கிறான். புனங்காப்போர் யானைமேல் எறியும் கவண்கல் தெறித்து வரும். மரத்தின் மறைவில் நடக்க என்கிறான். பாசி படர்ந்து கால் வழுக்கும் இடத்தில் மூங்கிலின் நுண்கோலையும் எருவையின் மென்கோலையும் பற்றிக்கொள்ளச் சொல்கிறான். பரிசு பெற்றவன் தன் பெருமையைப் பேசி நின்றுவிடாமல், பின்வருவோன் கால் இடறாதிருக்க வேண்டுமே என்று கவன்ற கவலை அது.

இப்பாட்டை யாம் முப்பது ஆண்டுகளாக மேடைகளில் விரித்துரைத்து வந்தோம். மலையை மட்டும் மிதித்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன், எம்முடன் ஒரே ஆசிரியரிடம் பாடங்கேட்ட நண்பர் ஒருவர், “சொன்னது போதும், ஒருமுறை ஏறிப் பார்ப்போம் வாரும்” என்றார். இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். இத்திருக்கோயிலில் தொழுது, அவர் வில்வம் ஒரு பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டார்.

ஊரைவிட்டு அகன்றதும் வண்டித்தடம். பிறகு அதுவும் தேய்ந்து, கல்லும் முள்ளும் மண்டிய ஒற்றையடிப் பாதை. படிகள் சிறிது தொலைவு துணை செய்தன. அவை முடிந்தபின் உருண்டு கிடக்கும் பாறைகளே படிகள். உச்சியை நெருங்கினால் பாதையே இல்லை. செங்குத்தான பாறையில் இருப்புக் கம்பிகளை அறைந்து சங்கிலி பிணைத்திருக்கின்றனர். கடப்பாறைப் படி, தண்டவாளப் படி, ஏணிப் படி, ஆகாயப் படி என மக்கள் அவற்றுக்குப் பெயரிட்டுள்ளனர். ஆகாயத் தலத்திலிருந்து சென்ற எம்மை ஆகாயப் படி என்னும் பெயர் மிக அச்சுறுத்தியது.

கடப்பாறைப் படியின் கீழ் நண்பருக்கு மூச்சு முட்டியது, உடல் வியர்த்தது, அமர்ந்துவிட்டார். மேலே தண்ணீரும் சாமான்களும் சுமந்து செல்லும் கூலியாள் ஒருவர் சுமையை இறக்கி, தம் துண்டால் அவருக்கு விசிறலானார். நண்பர் வில்வப் பொட்டலத்தை எம் கையில் கொடுத்து, “நீர் போய் வாரும், இதைச் சார்த்திவிடும்” என்றார். யாம் தயங்கினோம் என்று சொல்லிக்கொள்ள விருப்பந்தான். ஆயினும் நெடுநேரம் தயங்கவில்லை. “நான் இருக்கேன், நீங்க போங்க சாமி. அண்ணாந்தும் பார்க்காதீங்க, குனிஞ்சும் பார்க்காதீங்க; கைக்கு எட்டுற கம்பியை மட்டும் பாருங்க” என்றார் அக்கூலியாள். மலைபடுகடாம் ஒரு சொல்லும் அறியாதவர். அதன் கூத்தன் பேசிய பேச்சையே பேசினார்.

காளத்தி மலையை அணுகும்தோறும் திண்ணனார்க்குத் தம்மேலிருந்த பாரம் நீங்குவது போலிருந்ததாகச் சேக்கிழார் பெருமான் காட்டுவார். எமக்கோ ஒவ்வொரு கம்பிக்கும் பாரம் ஏறிற்று; முழங்கால் நடுங்கிற்று. எனினும் உச்சியை அடைந்தோம். அங்கே அடியவர் தம் கையாலேயே இறைவனைத் தீண்டி வழிபடும் வழக்கம் உண்டு. குளிர்ந்த காற்றும் தவழ்ந்து வந்த மேகமும் திருமேனி தீண்டிய கையுமாக எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. கண்ணீர் பெருகிற்று, பதிகங்கள் ஓதினோம். உடனிருந்த இளைஞர் சிலர் எம்மை வணங்கினர். அதுவும் இனிதாகவே இருந்தது!

இறங்கும்போது, பாதி வழியில், இடுப்புத் துணியில் ஏதோ உறுத்த, தொட்டுப் பார்த்தோம். வில்வப் பொட்டலம்! மீண்டும் ஏறக் காலில் வலிவில்லை, பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது.

நண்பர் தெளிந்து அமர்ந்திருந்தார். அக்கூலியாள் தம் சுமையிலிருந்த தண்ணீரைக் கொடுத்து, அன்றைய நடையையே விட்டு, அவர் அருகிலேயே இருந்திருக்கிறார். “சார்த்தினீரா?” என்றார் நண்பர். திருமுறை ஓதிய நாவால் பொய் சொல்ல ஒரு கணம் எண்ணினோம்; இல்லை என்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. கூலியாள்தாம் எழுந்து கை நீட்டினார். “குடுங்க சாமி. எப்படியும் சுமையை மேலே சேர்க்கணும். ராத்திரி அங்கேயே தங்கிடுவேன். நான் போட்டுடறேன்” என்றார்.

பொட்டலத்தைத் தலைச்சுமையின்மேல் செருகிக்கொண்டு, கம்பிகளில் அவர் ஏறிச் சென்றதை, மங்கும் ஒளியில் கண்ணுக்கு எட்டியமட்டும் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.