ஊரில் ஓர் உடற்பயிற்சி வகுப்பு

பஞ்சாயத்து அங்கத்தினர்களே, விவசாயப் பெருமக்களே!

உழுது உழைப்பவனுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று சிலர் நகைக்கலாம். ஏற்றமிறைத்த காலத்தில் அது நியாயமான நகைப்பே. இன்றோ பம்பு செட்டும் டிராக்டரும் நடவு இயந்திரமும் வந்துவிட்டன. 2021-இல் நம் தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருந்ததென 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

ஆகவே, பயிற்சி பெற்ற இளைஞரோ பெண்மணியோ கூட்டுப் பயிற்சி வகுப்புத் தொடங்க முன்வந்தால், இலவசமாக நடத்தும்படி வற்புறுத்தாதீர்கள். அதுவும் ஒரு தொழிலே. ஐவர் வந்தாலும் இருபதின்மர் வந்தாலும் ஆசிரியரின் உழைப்பும் விளக்குச் செலவும் ஒன்றுதான். தலைக்கு மாதம் 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இருபது பேரிடம் 3,000 ரூபாய் சேரும். ஐவரிடம் 750 மட்டுமே. இதில் எவர் குடும்பம் நடத்துவது? விடியலில் ஒன்று, மாலையில் பெண்களுக்குத் தனியே ஒன்று என வகுப்புகள் நிரம்பினாலன்றிக் கட்டுபடியாகாது. நடவிலும் அறுப்பிலும் வருகை குறையும்; அம்மாதங்களுக்கென முன்கூட்டியே சிறிது ஒதுக்கி வைப்பது அவசியம். இருதய நோயுள்ளோரை டாக்டரின் யோசனையின்றிச் சேர்க்கலாகாது.

தொழிலை உத்யம் தளத்தில் பதியக் கட்டணமில்லை. இடம்தான் பெருந்தடை. சமுதாயக் கூடம் பகலெல்லாம் பூட்டிக் கிடக்கிறதே! அதன் வாடகையையும் நேரத்தையும் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிக் கொடுங்கள்.