வீடு தேடி வரும் வேலை



2020 ஊரடங்கின்போது, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதைப் புதுமை என்றார்கள். நம் ஆமத்தூர், சிவகாசி வட்டாரத்துக்கு அது புதிதா என்ன? திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டிய தாய்மார்கள் பார்த்ததும் அதுதானே! சமையலுக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒட்டினார்கள். முதலாளிக்குக் கட்டட வாடகை மிச்சம். அவர்களுக்கு பஸ் செலவு மிச்சம். ஆனால் எண்ணிக்கைக்குத்தான் கூலி. விடுப்பு, வைப்பு நிதியெல்லாம் பெரும்பாலும் கிடையாது.

பட்டாசுக்கு இது ஆகாது. மருந்து, உரிமம் பெற்ற ஆலையைத் தாண்டக் கூடாது. கணக்கு வேலை, கம்ப்யூட்டர் வேலைக்குத் தாராளமாக ஆகும். மகப்பேறு விடுப்பு முடிந்த பெண், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், நிர்வாகத்துடன் பேசி வீட்டிலிருந்தே பார்க்க 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி செய்தது. வீட்டில் உழைப்பவரையும் மற்றத் தொழிலாளர்போல் நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-லேயே உடன்படிக்கை செய்தது.

ஆகவே தம்பி தங்கையரே, இத்தகைய வேலையைத் தயங்காமல் கேளுங்கள். ஆனால் வேலை நேரம், சம்பளம், கரண்ட் செலவு, வைப்பு நிதி, இந்த நாலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதலாளிகளாக உயர்ந்துள்ள நண்பர்களே, மிச்சமாகும் வாடகையில் ஒரு பங்கு உழைப்பவருக்கும் போய்ச் சேரட்டும்.