குடுவை தொடாத வேதியியலாளர்



உயர்கல்வி என்று பேச்செடுத்தால் மருத்துவத்தையும் பொறியியலையும் சட்டத்தையும் பற்றிச் சொல்ல எந்த மேடையிலும் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. இந்த உரை அவற்றைப் பற்றியது அல்ல. ஆறாம் படிவத்தில் வேதியியலும் கணிதமும் இரண்டுமே பிடித்துப்போய், 'இரண்டையும் விடாமல் படிக்க வழி உண்டா?' என்று கேட்கும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். வழி உண்டு. அதன் பெயர் கோட்பாட்டு வேதியியல். அதையே தொழிலாகக் கொண்டு பேராசிரியராவது எப்படி, அந்தப் பாதையில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதுதான் இங்கே பேச்சு.

வேதியியலாளர் என்றதும் வெள்ளை அங்கியும் கண்ணாடிக் குடுவையும் நினைவுக்கு வரும். கோட்பாட்டு வேதியியலாளர் கையில் குடுவை இருக்காது. தாள், பேனா, கணினி, அவ்வளவுதான். ஒரு மூலக்கூறில் எந்தப் பிணைப்பு முதலில் அறுபடும், ஒரு மருந்து புரதத்தின் எந்த இடுக்கில் போய்ப் பொருந்தும், ஒரு சாயம் ஏன் சிவப்பாகத் தெரிகிறது என்பதையெல்லாம் குவாண்டம் இயற்பியலைக் கொண்டு கணக்குப் போட்டுச் சொல்வது அவர் வேலை.

கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? 1929இல் இங்கிலாந்தின் பால் டிராக் ஒரு கட்டுரையில், வேதியியல் முழுமைக்கும் தேவையான அடிப்படை விதிகள் தெரிந்துவிட்டன, ஆனால் அவற்றிலிருந்து வரும் சமன்பாடுகளைத் தீர்ப்பதுதான் முடியாத அளவுக்குச் சிக்கல் என்ற கருத்தை எழுதினார். ஒரே எலக்ட்ரான் உள்ள ஹைட்ரஜன் அணுவுக்குத் துல்லியமான விடை உண்டு. இரண்டு எலக்ட்ரான் உள்ள ஹீலியத்துக்கே அப்படி ஒரு நேர் விடை கிடையாது. ஒரு தண்ணீர் மூலக்கூறில் பத்து எலக்ட்ரான்கள். அந்த 'முடியாத' கணக்கை எவ்வளவு நன்றாகத் தோராயமாகப் போடலாம் என்பதில்தான் இந்தத் துறையின் பிழைப்பு ஓடுகிறது.

தோராயத்துக்கும் விலை உண்டு. இன்று மிகவும் நம்பப்படும் கணக்கு முறைகளில் ஒன்று கப்பிள்டு கிளஸ்டர் வகையைச் சேர்ந்தது. மூலக்கூறின் அளவை இரண்டு மடங்காக்கினால் அதில் கணினியின் வேலை ஏறக்குறைய 128 மடங்காகும். ஒரு மணி நேரத்தில் முடிந்த கணக்கு ஐந்து நாளுக்கு மேல் இழுக்கும். அந்த முறையை 1989இல் வெளியிட்ட நால்வரில் முதல் பெயர் கிருஷ்ணன் ராகவாச்சாரி. சென்னை ஐஐடியில் முதுகலை முடித்து அமெரிக்கா போய், ஜான் போப்பிளிடம் முனைவர் பட்டம் பெற்றவர். பெல் ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் இருந்து, 2002இல் இந்தியானா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார்.

அந்த ஜான் போப்பிள் கேம்பிரிட்ஜில் படித்தது கணிதம். 1970இல் அவர் குழு வெளியிட்ட 'காசியன்' என்ற கணினி நிரல், சோதனைக்கூட வேதியியலாளர்களின் மேசைக்கே குவாண்டம் கணக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1998இல் வேதியியலுக்கான நோபல் பரிசை அவரோடு பகிர்ந்துகொண்ட வால்டர் கோன் ஓர் இயற்பியலாளர். ஒருவர் கணிதம், மற்றவர் இயற்பியல், பரிசோ வேதியியலுக்கு! வேலி போட்ட துறை அல்ல இது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் வேலி இல்லாத நிலத்துக்குச் சொந்தக்காரரும் இல்லை. பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இந்தத் துறைக்கு வர நினைக்கும் ஒவ்வொருவரும் ஜெர்மனியின் எரிக் ஹ்யூக்கல் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. 1896இல் பிறந்தவர். தம் ஆசிரியர் பீட்டர் டிபையுடன் சேர்ந்து 1923இல் அவர் வெளியிட்ட உப்புக் கரைசல் கோட்பாடு இன்றும் பல்கலைக்கழகப் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. பிறகு 1931இல், பென்சீன் வளையம் ஏன் அவ்வளவு உறுதியாக இருக்கிறது என்ற பழைய புதிரை குவாண்டம் முறையில் விடுவித்தார். ஏழு கார்பன் கொண்ட ஒரு வளையம், ஓர் எலக்ட்ரானை இழந்தால் பென்சீனைப் போலவே உறுதி பெறும் என்பதும் அந்தக் கோட்பாட்டிலிருந்து வந்தது. வேறு யாராக இருந்தாலும் பல்கலைக்கழகங்கள் சிவப்புக் கம்பளம் விரித்திருக்கும்.

நடந்தது வேறு. வேதியியலாளர்களுக்கு அவருடைய கணிதம் புரியவில்லை. இயற்பியலாளர்களுக்கோ பென்சீன் ஒரு பொருட்டாகவே படவில்லை. அண்ணன் வால்டர் கரிம வேதியியலாளராக இருந்தும், அந்த உலகத்தின் மொழியில் தம் கண்டுபிடிப்பை எடுத்துச் சொல்ல எரிக்குக் கைவரவில்லை. அதே காலத்தில் அமெரிக்காவில் லைனஸ் பாலிங், வேதியியலாளர்கள் நாள்தோறும் வரையும் படங்களைக் கொண்டே தம் கொள்கையை விளக்கினார். சபை அவர் பக்கம் சாய்ந்தது. 1930களின் நடுவில் மார்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போன ஹ்யூக்கல் முழுப் பேராசிரியர் ஆனது 1961இல், ஓய்வு பெறுவதற்கு ஓராண்டுக்கு முன்பு. கால் நூற்றாண்டு! அந்த ஏழு கார்பன் வளையத்தை அமெரிக்காவில் டோரிங்கும் நாக்ஸும் 1954இல் தயாரித்துக் காட்டியே விட்டார்கள். பதவி உயர்வு அதற்குப் பிறகும் ஏழாண்டு கழித்துத்தான் வந்தது. லண்டன் ராயல் சொசைட்டி அவரை வெளிநாட்டு உறுப்பினராக ஏற்றது 1977இல், அவருடைய எண்பதாவது வயதும் கடந்த பிறகு.

காலம் மாறிவிட்டது, இன்று பெரிய வேதியியல் துறைகளில் கோட்பாட்டாளர்களுக்கும் நாற்காலி உண்டு என்பது உண்மை. ஆனால் சில நாற்காலிகள்தான். சோதனை செய்பவர்கள் கூட்டமாக இருக்கும் துறையில் கணக்குப் போடுபவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவிலேயே இருப்பார்கள். வேலைக்கு எடுக்கும் குழுவில் பெரும்பாலோர் சோதனைக்கூடக்காரர்கள். அவர்களுக்குப் புரியும்படி பேசத் தெரியாத விண்ணப்பதாரர் எவ்வளவு பெரிய கணிதப் புலியாக இருந்தாலும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

காலக் கணக்கையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இளங்கலைக்கு மூன்று, நான்கு ஆண்டு. முனைவர் பட்டத்துக்கு நான்கு, ஐந்து ஆண்டு. அதன் பிறகு முனைவர் பட்ட மேலாய்வு என்று இரண்டிலிருந்து நான்காண்டு, பெரும்பாலும் வேறொரு நாட்டில், ஒப்பந்தச் சம்பளத்தில். அமெரிக்காவில் துணைப் பேராசிரியர் பதவி கிடைத்தாலும் நிரந்தரமா இல்லையா என்பது ஆறாம் ஆண்டு வாக்கில்தான் தெரியும். கூடப் படித்தவர்கள் வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் வயதில் இவர் இன்னும் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். ஆறுதல் ஒன்று உண்டு. அமெரிக்காவில் வேதியியல் முனைவர் படிப்புக்குப் பொதுவாகக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. வீட்டை அடகு வைக்கத் தேவையில்லை.

பேராசிரியர் பதவி கிடைக்காதவர்கள் நடுத்தெருவில் நிற்கிறார்களா? அதுவும் இல்லை. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 2017இல் கோட்பாட்டு வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற ஜான் ஜம்ப்பர், பேராசிரியர் வேலைக்குப் போகவில்லை. டீப்மைண்ட் நிறுவனத்தில் சேர்ந்து, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் 'ஆல்ஃபாஃபோல்டு' திட்டத்தை வழிநடத்தினார். 2024இல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. எல்லாரும் ஜம்ப்பர் ஆகப் போவதில்லைதான். கணக்கும் நிரல் எழுதும் பழக்கமும் கைவசம் உள்ளவரை மருந்து நிறுவனங்களும் கணினி நிறுவனங்களும் தேடிக்கொள்ளும்.

ஆகவே மாணவர்களே, வேதியியல் பட்டப் படிப்பில் சேர்ந்தாலும் நேரியல் இயற்கணிதத்தையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் கணிதத் துறைக்குப் போய்ப் படியுங்கள். பைத்தான் மொழியில் நிரல் எழுதிப் பழகுங்கள். முனைவர் பட்ட வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய புகழை மட்டும் பார்க்காதீர்கள். அவரிடம் படித்து வெளியேறிய கடைசிப் பத்துப் பேர் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால் அவருடைய மாணவர்களிடம் கேளுங்கள்.

இந்தத் துறை ஒத்துவருமா என்று பார்க்கப் பல்கலைக்கழகம் வரை போகவும் வேண்டாம். 'சைஃபோர்' என்ற நிரல் இணையத்தில் இலவசம், வீட்டுக் கணினியிலேயே ஓடும். தண்ணீர் மூலக்கூறின் மூன்று அணுக்களைக் கொடுத்து, அதன் வடிவத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிணைப்புக் கோணம் 104.5 டிகிரிக்கு அருகில் வரும். அருகில்தான், அப்படியே வராது. அந்தச் சிறு வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்க்கும் ஆசை வருகிறதா என்று பாருங்கள்.