படுக்கைக்கு முன் ஒரு பரிசோதனை



புனே நகரின் போபோடியிலிருந்து ஹாரிஸ் பாலம் வழியாக முளா ஆற்றைக் கடந்து, பழைய மும்பை சாலையில் நேரே போனால் பிம்ப்ரி. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கைகொடுக்க, 1954-இல் இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் என்ற அரசு நிறுவனம் அங்கேதான் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே பெனிசிலின் தயாரானது. ஊசி போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை ஏழை வீடுகளுக்கும் வந்தது.

மருந்துக்கு மசியாத கிருமிகளால் அந்த நம்பிக்கைக்கு இன்று ஆபத்து. கடைசிக் கையிருப்பாக மருத்துவர்கள் வைத்திருந்த மருந்து கார்பபெனெம். அதையும் உடைத்துப்போடும் என்.டி.எம்-1 நொதி நம் நாட்டுக் கிருமிகளில் பரவியிருப்பதை 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று உலகுக்குக் காட்டியது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி.

இத்தகைய கிருமி ஒருவரின் குடலில் சத்தமில்லாமல் குடியிருக்கும். காய்ச்சல் இருக்காது, வலி இருக்காது. அவருக்கே அறுவை சிகிச்சை செய்து, சிறுநீர்க் குழாய் பொருத்தி, வென்டிலேட்டரில் வைக்கும்போது அது ரத்தத்தில் நுழையலாம். கழுவாத கை வழியாகப் பக்கத்துப் படுக்கைக்கும் போய்விடலாம்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பரிசோதனை எளிதானது. ஆசனவாயில் ஒரு பஞ்சுக் குச்சியை மெல்லச் சுழற்றி எடுப்பார்கள். இதேபோல் மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியைத் தேடுவதென்றால் மூக்கில் எடுப்பார்கள். மருந்து கலந்த, கிருமி வளர்க்கும் ஊடகத் தட்டில் அந்தக் குச்சியைத் தேய்த்து, இரவு முழுக்க உடல் சூட்டில் வைப்பார்கள். சாதாரணக் கிருமிகள் மடிந்துவிடும். மருந்துக்கு மசியாதவை மட்டும் வளரும். சிலவகைத் தட்டுகளில் ஈ.கோலை இளஞ்சிவப்பாகவும் கிளெப்சியெல்லா நீலமாகவும் புள்ளி புள்ளியாகத் தெரியும். மரபணுக் கருவி இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே முடிவு தெரிந்துவிடும்.

கிருமி இருந்தால் அவரைத் தனி அறையிலோ ஓரப் படுக்கையிலோ வைத்து, கையுறையும் மேலங்கியும் அணிந்து கவனிப்பார்கள். ரத்த அழுத்தப் பட்டையும் வெப்பமானியும் அவருக்கென்று தனியாக இருக்கும். கிருமி தங்கியிருப்பதற்காக மட்டும் ஆண்டிபயாடிக் கொடுக்க வேண்டியதில்லை.

எல்லா நோயாளிக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்ய நம் மருத்துவமனைகளில் பணமும் ஆளும் போதாது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்கள், வேறு மருத்துவமனையில் பல நாள் கிடந்துவிட்டு வருகிறவர்கள், புற்றுநோய் சிகிச்சை பெறுகிறவர்கள் என்று ஆபத்து அதிகமுள்ள இடத்திலிருந்து தொடங்கலாம். கை கழுவும் பழக்கம் மட்டும் எல்லா வார்டிலும் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் பரிசோதனைக்குச் செலவழித்துப் பயனில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டில் யாரையாவது மருத்துவமனையில் சேர்க்கும்போது, முன்பு எங்கே, எத்தனை நாள் சிகிச்சை பெற்றார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் போங்கள். பரிசோதனை கேட்டால், தனியாக வைத்தால், அவமானமாக நினைக்காதீர்கள். உங்கள் நோயாளிக்கும் அடுத்த படுக்கையில் இருப்பவருக்கும் அதுதான் பாதுகாப்பு.