ஸஜ்தா கற்றுத் தரும் பணிவு

(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் சங்கத்துக்கு 50 வயது நிறைந்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். மகிழ வேண்டிய நாள் இது. ஆனால் மனித உள்ளத்தில் பெருமை நுழைவதும் இப்படிப்பட்ட நாளில்தான். ஆகவே அதைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

ஆதம் (அலை) அவர்களுக்கு ஸஜ்தா செய்யுமாறு அல்லாஹ் கட்டளையிட்டான். மலக்குகள் பணிந்தார்கள். இப்லீஸ் மறுத்தான். தான் நெருப்பால் படைக்கப்பட்டவன், ஆதமோ களிமண்ணால் படைக்கப்பட்டவர், ஆகவே தானே உயர்ந்தவன் என்று வாதாடினான். அவனுக்கு அல்லாஹ்வைத் தெரியாதா? தெரியும். கட்டளை விளங்கவில்லையா? விளங்கியது. அறிவுக் குறைவால் அவன் கெடவில்லை. ‘நான்’ என்ற எண்ணத்தால் கெட்டான்.

பிறகு ஆதமும் ஹவ்வாவும் தடுக்கப்பட்ட மரத்தை நெருங்கித் தவறினார்கள். ஆனால் அவர்கள் வாதாடவில்லை. தங்களுக்குத் தாங்களே அநீதி இழைத்துக்கொண்டதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள், மன்னிக்கப்பட்டார்கள். தவறியவனுக்கு வாசல் திறந்திருக்கிறது. தவற்றுக்கு நியாயம் சொல்பவன் அந்த வாசலைத் தானே அடைத்துக்கொள்கிறான்.

அணுவளவு பெருமை உள்ளத்தில் இருப்பவர் சுவர்க்கம் நுழையமாட்டார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, நல்ல உடையையும் நல்ல காலணியையும் விரும்புவதும் பெருமைதானா என்று ஒருவர் கேட்டார். இல்லை, அல்லாஹ் அழகை விரும்புகிறான். உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். ஆகவே சட்டையைப் பார்த்துப் பெருமையை அளக்க முடியாது. சரியான கருத்தை ஓர் இளைஞர் சொன்னால் ஏற்கிறோமா, யாரைக் குறைவாகப் பார்க்கிறோம் என்ற இரண்டு கேள்விகளால்தான் அளக்க வேண்டும்.

ஜும்ஆவில் அதிகாரியின் தோளும், கட்டுமானத் தளத்திலிருந்து வந்த ஊழியரின் தோளும் ஒரே சஃப்பில் உரசுகின்றன. ஸலாம் கொடுத்த பிறகு என்ன நடக்கிறது? ரமலானில் நோன்புக் கஞ்சிக்கு அமரும்போது, அந்த ஊழியருக்குப் பக்கத்தில் இடமிருந்தும் வேறு இடம் தேடினால், ஸஜ்தாவில் தாழ்ந்தது நம் நெற்றி மட்டும்தான்; நெஞ்சு தாழவில்லை. நம் முன்னோரும் அப்படி வந்தவர்களே. கடையநல்லூரிலிருந்து வந்தவர்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியிருந்து துறைமுகத்தில் உழைத்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். அந்த உழைப்பின் மீதுதான் நம் பிள்ளைகளின் பட்டங்கள் நிற்கின்றன.

ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்டது. துரத்திய ஊருக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்வுக்குப் பணிந்து தலை தாழ்த்தியே நுழைந்தார்கள். ஒரு காலத்தில் அங்கே அடிமையாக வதைக்கப்பட்ட பிலால் (ரலி) அவர்களைக் கஃபாவின் மீதேறி பாங்கு சொல்லச் சொன்னார்கள். வெற்றி நாளில் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறென்ன பாடம் வேண்டும்?

இறுதியாக, சற்றுக் கசப்பான செய்தி ஒன்று. அழைப்பிதழில் பெயர் விடுபட்டது, மேடையில் நாற்காலி கிடைக்கவில்லை, பொன்னாடை போடும் வரிசை மாறிப்போனது என்பதற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பிகள் எல்லாச் சங்கங்களிலும் இருக்கிறார்கள். பெரியவர்கள் பேசாததால் அவர்களுடைய பிள்ளைகளும் சங்கத்தின் பக்கம் வருவதில்லை. ஒரு நாற்காலிக்காக ஒரு தலைமுறையை இழக்கலாமா? சகோதரனை 3 நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்குவது கூடாது, இருவரில் முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்பது நம் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. சொல்பவர் தோற்பதில்லை; அல்லாஹ்விடம் முந்திக்கொள்கிறார்.

விருந்துக்குப் போகுமுன் அப்படி ஒருவர் இந்த மண்டபத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் நீங்களே போய் ஸலாம் சொல்லுங்கள். இங்கே இல்லையென்றால் இன்றிரவே தொலைபேசியில் அழையுங்கள். இந்தப் பொன்விழாவுக்கு நாம் செய்யும் பெரிய சிறப்பு அதுதான்.

பெருமையிலிருந்து நம் உள்ளங்களைக் காத்து, கட்டளை கேட்டதும் பணியும் அடியார்களாக அல்லாஹ் நம்மையும் நம் சந்ததிகளையும் ஆக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.