வலிக்கலையேன்னு இருந்துட்டேன்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



மைக் பிடிச்சா எனக்குக் கணக்கு வாசிக்கத்தான் தெரியும். வரவு, செலவு, கையிருப்பு, அவ்வளவுதான். இந்த வருஷம் செயலாளர், “கணக்கு புத்தகத்துல போட்டுடலாம், நீ உன் அனுபவத்தைப் பேசு”ன்னு சொல்லிட்டாங்க. சரி, அதையும் வரவு செலவாவே சொல்றேன். 2025-ல் நான் முதல் முதலா ரயில்ல படுத்துத் தூங்கினேன். முதல் முதலா பாம்பன் பாலத்தைப் பார்த்தேன். முதல் முதலா ஆபரேஷன் தியேட்டரையும் பார்த்தேன். இதெல்லாம் வரவு. இடது கால்ல ரெண்டு விரல் போச்சு. அது செலவு.

சிரிக்கலாம், தப்பில்லை. நானே இப்பத்தான் சிரிக்கிறேன்.

பயணத்தை முதல்ல சொல்றேன். ஜூன் 14-ம் தேதியோட மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு, வீட்டு ஆம்பளைங்க கடலுக்குப் போக ஆரம்பிச்ச பிறகு, ஜூலை முதல் வாரம் நம்ம கூட்டமைப்பிலிருந்து 18 பேர் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு அனுபவப் பயணம் போனோம். கடல்பாசி எடுக்கிற பெண்கள் குழுக்களைப் பார்க்கிறதுக்கு. ராமேஸ்வரம் ரயில். பாதிப் பேர் ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்லை, புளியோதரை பொட்டலத்தைப் பிரிச்சுக்கிட்டு ஊர்க்கதை பேசிக்கிட்டே வந்தாங்க. விடியற நேரத்துல பாலம் வந்துச்சு. 1914-ல் கட்டின பழைய பாலம் பக்கத்துலயே நின்னுச்சு. நாங்க போனது 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்த புதுப் பாலம். கப்பல் வந்தா நடுவுல இருக்கிற பகுதி அப்படியே மேல தூக்கிக்குமாம். ரெண்டு பக்கமும் கடல், கீழேயும் கடல். “இன்னாக்கா, ரயில் தண்ணி மேல போவுது”ன்னு ஒரு தங்கச்சி என் கையைப் புடிச்சா. அவ தினமும் புயல் காத்துல தோணியில முகத்துவாரம் தாண்டுறவ!

பாம்பன் சின்னப்பாலத்துல பாசி எடுக்கிற பெண்களைப் பார்த்தோம். சேலைக்கு மேல சட்டை போட்டு, விரலுக்கெல்லாம் துணி சுத்தி, கண்ணாடி மாட்டிக்கிட்டு முங்குறாங்க. மரிக்கொழுந்துப் பாசின்னு ஒண்ணு, கட்டக்கோரைன்னு ஒண்ணு. மாசத்துல 12 நாள்தான் எடுக்கணும், அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள்னு அவங்களே பேசி முடிவு பண்ணிக் கட்டுப்பாடு வெச்சிருக்காங்க. பாசி வளர விடணும் இல்லையா. நம்ம ஏரியில பாடு முறை இருக்கிற மாதிரிதான், ஆனா இது பெண்களே வெச்ச கட்டுப்பாடு. அந்த ஊர் லட்சுமி மூர்த்திக்கு இதுக்காகத்தான் 2015-ல் அமெரிக்காவிலிருக்கிற சீகாலஜி அமைப்பு பரிசு கொடுத்தது. இதை நான் நோட்டுல எழுதிக்கிட்டு வந்தேன். நம்ம ஏரியில குஞ்சு இறாலைக்கூட விடாம அள்ளுறோமே, அதைப் பத்தி அடுத்த பொதுக்குழுவுல பேசணும்னு. அது தனிச் சண்டை, அப்புறம் வெச்சுக்கலாம்.

மறுநாள் வடகடல் பக்கம் போனோம். அங்க மூங்கில் மிதவை கட்டி, கயித்துல பாசியைக் கோத்து வளர்க்கிறாங்க. 45 நாள்ல அறுவடை. மிதவையைக் கிட்டப் பார்க்க முழங்கால் தண்ணியில இறங்கினோம். அந்தப் பெண்கள் ரப்பர் செருப்பைத் துணியால காலோட கட்டிக்கிட்டு இறங்குறாங்க. எங்களையும் செருப்பு போட்டுக்கச் சொன்னாங்க. நான் கேட்கலை. நாலு வயசுல இருந்து ஏரியில நிக்கிறவ நான். உட்கார்ந்தபடி சேத்துல கையை விட்டு இறால் தடவுறவளுக்கு, கடல்ல இறங்கச் செருப்பா?

திரும்பி வந்து அவங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து டீ குடிக்கிறோம். அந்த வீட்டுப் பெரியம்மா என்னைப் பார்க்கலை, தரையைப் பார்க்கிறாங்க. வாசல்ல இருந்து நான் உட்கார்ந்த இடம் வரைக்கும் சிமெண்டுத் தரையில சிவப்பா கால் தடம்.

“ஏத்தா, கால்ல ரத்தம் வருதே. வலிக்கலையா?”

காலைத் திருப்பிப் பார்த்தேன். சுண்டு விரலுக்குக் கீழே ஒரு பவளக்கல் துண்டு குத்திக்கிட்டு நிக்குது. அரை விரல் நீளம் இருக்கும். பெரியம்மா அதைப் பிடுங்கினாங்க. எனக்கு அப்பவும் வலிக்கலை. “பாரேன், எவ்வளவு பொறுமை”ன்னு நம்மாளுங்க என்னைப் பெருமையா பேசினாங்க. நானும் பெருமையாத்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெரியம்மா மட்டும் சிரிக்கலை. “வலிக்கணும்த்தா, வலிக்காம இருக்கக் கூடாது. ஊருக்குப் போனதும் டாக்டர்கிட்ட காட்டு”ன்னாங்க. நான் காட்டலை. துணி சுத்திக்கிட்டு தனுஷ்கோடி வரைக்கும் போய், 1964 புயல்ல அழிஞ்ச சர்ச்சு சுவரையும் பார்த்துட்டுத்தான் வந்தேன்.

இப்ப ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லணும். எனக்குச் சர்க்கரை இருக்குன்னு அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே தெரியும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டுல ஆரம்பிச்சது. வீடு வீடா வர்ற தன்னார்வலர் வேற யாரும் இல்லை, நம்ம குழுவுல இருந்து போன பொண்ணுதான். விரல்ல குத்திப் பார்த்துச் சொன்னா. மாசா மாசம் வீட்டுக்கே மாத்திரை கொண்டாந்து கொடுத்தா. நான் வாங்கி பிஸ்கட் டப்பாவுல போட்டு வெச்சேன். சாப்பிட்டா வயித்தைப் புரட்டுது, தண்ணியில நிக்க முடியலைன்னு விட்டுட்டேன். அவ கேட்டா “சாப்பிடுறேண்டி”ன்னு சொல்லிடுவேன். ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு என் மருமக அந்த டப்பாவைத் திறந்து எண்ணினா. எத்தனைன்னு இங்க சொல்ல எனக்கு வெட்கமா இருக்கு.

ஊருக்கு வந்து புண்ணை நானே பார்த்துக்கிட்டேன். ஏரித் தண்ணி உப்புத் தண்ணி, புண்ணை ஆத்தும்னு நம்ம பாட்டிங்க சொல்லுவாங்க இல்லையா, அப்படியே தொழிலுக்குப் போனேன். சாயங்காலம் வெந்நீர்ல மஞ்சள் போட்டுக் காலை வெச்சேன். தண்ணி எவ்வளவு சூடுன்னு எனக்குத் தெரியலை. மறுநாள் பாதம் பூரா கொப்புளம். பத்து நாள்ல வீட்டுக்குள்ள ஒரு வாடை. எலி செத்துக் கிடக்குதுன்னு பானைக்குப் பின்னாடியெல்லாம் தேடினோம். என் பேரன்தான், “ஆயா, உன் கால்ல இருந்து வருது”ன்னான்.

பொன்னேரிக்குப் போனோம். அங்க பார்த்த உடனே, தாமதிக்காம ஸ்டான்லிக்குப் போங்கன்னு அனுப்பிட்டாங்க. ஸ்டான்லியில ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. பேனா மாதிரி ஒரு குச்சி, அதன் நுனியில ஒரு நைலான் இழை. பார்த்தா நம்ம தூண்டில் தங்கூசிதான்! “இது எங்க ஊர் சரக்காச்சே”ன்னு சொன்னேன், அவங்களும் சிரிச்சாங்க. “கண்ணை மூடிக்கோங்கம்மா, பாதத்துல இது படும்போதெல்லாம் ‘ஆமா’ன்னு சொல்லுங்க”ன்னாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நேரம் போகுது. “எப்ப ஆரம்பிப்பீங்க டாக்டர்?”னு கேட்டேன்.

“முடிஞ்சிடுச்சும்மா”ன்னாங்க.

பத்து இடத்துல தொட்டாங்களாம். எனக்கு ஒண்ணுமே தெரியலை. அப்பத்தான் அழுதேன். பவளக்கல்லைப் பிடுங்கும்போது அழலை, அந்த நூலுக்கு அழுதேன்.

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். சர்க்கரை வருஷக்கணக்கா ஏறியே இருந்தா நரம்பை அரிச்சிடும். பாதத்துலதான் முதல்ல ஆரம்பிக்கும். முதல்ல எரியும், மதமதங்கும், எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அப்புறம் ஒண்ணுமே இருக்காது. அந்த ஒண்ணுமே இல்லாத நேரத்தைத்தான் நாம சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்கிறோம். ரத்த ஓட்டமும் குறைஞ்சா புண் ஆறாது. சிப்பி ஓடு கிழிச்சாலும் தெரியாது, கெளுத்தி முள்ளு குத்தினாலும் தெரியாது. நம்ம தொழிலுக்கு இதைவிட மோசமான நோய் வேற இருக்கான்னு எனக்குத் தெரியலை.

ஜூலை 30-ம் தேதி சாயங்காலம் ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து நிசார் ராக்கெட் விட்டாங்களே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு நீங்க எல்லாம் தொழிலுக்குப் போகக் கூடாதுன்னு கரையில உட்கார்ந்திருந்தீங்க. நான் ஆபரேஷன் முடிஞ்சு நாலாவது நாள், வார்டுல படுத்திருந்தேன். சுண்டு விரலும் பக்கத்து விரலும் எடுத்தாச்சு. இன்னும் ஒரு வாரம் தள்ளி வந்திருந்தா கணுக்காலுக்கு மேல போயிருக்கும்னு சொன்னாங்க.

அந்தப் படுக்கையிலதான் எனக்கு ஒரு பழைய கணக்கு ஞாபகம் வந்துச்சு. இதைச் சொல்லத்தான் நான் இந்த மேடைக்கு வர ஒத்துக்கிட்டேன்.

2023 ஆகஸ்டு மாசக் கூட்டம். நம்ம குழுவுல ஒரு அக்கா உள்கடன் 8,000 ரூபாய் கேட்டாங்க. கால்ல புண்ணு, பட்டணத்துல காட்டணும்னு. நான்தான் பொருளாளர். “வலைக்குக் கேட்டா சரி, இறால் யாவாரத்துக்குக் கேட்டா சரி. புண்ணுக்குக் கொடுத்தா அது எப்படித் திரும்பி வரும்? போன தவணையே பாக்கி இருக்கு”ன்னு நான் சொன்னேன். மத்தவங்க பேசாம இருந்துட்டாங்க. தீர்மான நோட்டுல “அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்” என்று என் கையெழுத்துல எழுதியிருக்கு. அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்கா வரலை. ரெண்டு மாசம் கழிச்சு முழங்காலுக்குக் கீழே எடுத்துட்டாங்க.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அந்த நோட்டை எடுத்துட்டு வரச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் படிச்சேன். அப்புறம் அவங்க வீட்டுக்குப் போனேன். நான் கட்டுக் காலோட வாசல்ல நிக்கிறேன், அவங்க கட்டையோட உள்ள உட்கார்ந்திருக்காங்க. ரெண்டு பேருக்கும் பேச்சு வரலை. கடைசியில அவங்கதான், “நிக்காத, காலைத் தொங்கப் போடாத, மேல தூக்கி வெச்சு உட்காரு”ன்னாங்க. அன்னிக்கு அவங்ககிட்ட நான் மன்னிப்பு கேட்டேன். இன்னிக்கு உங்க எல்லார் முன்னாலயும் கேட்கிறேன். இதைப் பேசலாமான்னு அவங்களைக் கேட்டுட்டுத்தான் பேசுறேன். அதோ, முன் வரிசையில பச்சைச் சேலையில உட்கார்ந்திருக்காங்க.

எனக்கு நேரம் வந்தப்ப என் குழு ஒரு மணி நேரத்துல 10,000 ரூபாய் கொடுத்தது. ஆபரேஷனுக்குக் காசு வேணாம், ஆனா கூட இருக்கிறவங்க சாப்பாடு, போக வர, தொழில் இல்லாத மூணு மாசம் இருக்கே. யாரும் என்னைப் பார்த்து “புண்ணுக்கா கடன்?”னு கேட்கலை. கேட்டிருந்தாக்கூட எனக்கு மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும். அக்டோபர் பொதுக்குழுவுல, மருத்துவத்துக்குக் கேட்கிற கடனைக் கூட்டத் தேதிக்குக் காத்திருக்காம மறுநாளே கொடுக்கணும்னு தீர்மானம் போட்டோம். எழுதினது நான்தான். எழுத்து இந்த முறை கொஞ்சம் கோணலா இருக்கும், கை நடுங்கிச்சு.

இப்ப நான் ஏரியில இறங்குறதில்லை. செருப்போட இறங்கலாம்னு கேன்வாஸ் ஷூவைக் கயித்தால கட்டிக்கிட்டு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். பாம்பன்ல அடியில மணலும் கல்லும். நம்ம ஏரியில சேறு. ஒரு ஷூவை ஏரி அப்படியே முழுங்கிடுச்சு, இன்னும் அங்கதான் கிடக்குது. சேத்துக்குத் தாங்கற மாதிரி எதைக் காலுக்குப் போடுறதுன்னு யாருக்காவது யோசனை இருந்தா சொல்லுங்க, எனக்கு இன்னும் வழி தெரியலை. இப்போதைக்குக் கரையில நண்டு தரம் பிரிக்கிறேன். மத்தியானத்துல ஜமீலாபாத் அக்கா ஒருத்தர்கிட்ட பனை ஓலைப் பெட்டி முடையக் கத்துக்கிறேன். என் முதல் பெட்டிக்கு மூடி சேரலை. அவங்க அதைப் பார்த்து அரை நாள் சிரிச்சாங்க.

மாத்திரை தவறாம சாப்பிடுறேன். சாப்பாட்டோட சேர்த்துப் போட்டா வயித்தைப் புரட்டாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. இதை மூணு வருஷம் முன்னாடி அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டிருக்கலாம். மூணு மாச சர்க்கரை அளவு 11-ல இருந்து 7.4-க்கு வந்திருக்கு. தினமும் ராத்திரி ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில வெச்சு, அதுமேல பாதத்தைக் காட்டிப் பார்க்கிறேன். விரல் இடுக்கு, குதிகால், எல்லாம். கழுவினா இடுக்குல ஈரம் இல்லாம துடைக்கிறேன். காய்ப்பை பிளேடால சீவுற வேலையை விட்டாச்சு. வெந்நீரா இருந்தா பேரன் கை வெச்சுப் பார்த்துச் சொன்ன பிறகுதான் கால் வைப்பேன்.

அரசு “பாதம் பாதுகாப்போம்” என்று ஒரு திட்டமே வெச்சிருக்குது, நம்மள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. இன்னிக்கு நம்ம கேட்டுக்கிட்டதால நர்ஸம்மா வந்திருக்காங்க. அந்தத் தங்கூசிக் குச்சியும் கொண்டாந்திருக்காங்க. சாப்பாடு முடிஞ்சதும் வேப்ப மரத்தடியில உட்காருவாங்க. சர்க்கரை இருக்கிறவங்க, இருக்கான்னு தெரியாதவங்க, எல்லாரும் செருப்பைக் கழட்டி வெச்சுட்டு வரிசையில வாங்க. முதல் ஆளா நம்ம தலைவி அக்கா உட்காருறேன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டாவது, வங்கி சார், நீங்க.