நஷ்டத்துக்கும் ஒரு லிமிட் வேண்டும்

(நமது சங்கத்தின் ஆகஸ்ட் 2025 ஞாயிறு சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"நிஃப்டி ப்யூச்சர்ஸில் தினசரி வர்த்தகம் செய்வது எப்படி" என்று பேசச் சொன்னார்கள். முன்வரிசையில் மூன்று தம்பிகள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். எதை வாங்கலாம் என்று நான் சொல்லப் போவதில்லை. எனக்கே தெரியாது. எவ்வளவு போனால் எழுந்து வர வேண்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த ஃபீஸ் 2,80,000 ரூபாய். உங்களுக்கு இலவசம்.

நான் பி.காம். படித்துவிட்டு முப்பத்தைந்து வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். அதில் பாதிக் காலம் கேஷ் கவுண்டர். சாயங்காலம் கேஷ் டேலி ஆகாமல் வீட்டுக்குப் போக முடியாது. பணம் குறைந்தால் கைக்காசைத்தான் போட வேண்டும். எவ்வளவு தொகை வரை நானே பாஸ் செய்யலாம் என்று ஒரு லிமிட் உண்டு. அதற்கு மேல் போனால் ஆபீசர் கையெழுத்து. எதிரில் நிற்பவர் எத்தனை வருடப் பழக்கம் என்றாலும் லிமிட் லிமிட்தான்.

இவ்வளவு ஒழுங்காக இருந்த மனிதன், ஓய்வுக்குப் பிறகு சொந்தப் பணம் 8 லட்சத்தை டிரேடிங் கணக்கில் போட்டபோது ஒரு லிமிட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

2024 ஜூன் 3, திங்கட்கிழமை. தேர்தல் கருத்துக்கணிப்பு வந்த பிறகு சந்தை திறந்த முதல் நாள். நிஃப்டி 23,263-இல் முடிந்தது. காலையில் 200 யூனிட் வாங்கியிருந்தேன். பெரிய லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அன்றைக்கே முடித்திருக்க வேண்டும். "நாளைக்கு ரிசல்ட், நல்லா ஏறும்" என்று வைத்துக்கொண்டேன். மறுநாள் வாக்கு எண்ணிக்கை. காலையிலேயே இறங்க ஆரம்பித்தது. ஸ்டாப் லாஸ் போட்டிருந்தேன், அதை நானே கேன்சல் செய்தேன். திரும்பி வரும் என்று நினைத்தேன். அன்று நிஃப்டி 1,379 புள்ளி, கிட்டத்தட்ட 6 சதவீதம், இறங்கி முடிந்தது. மதியம் நான் வெளியே வந்தபோது 2,80,000 ரூபாய் போயிருந்தது.

வீட்டில் சொல்ல எனக்குப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாள்தான் பணத்தைவிடப் பெரிய நஷ்டம். என் மனைவி திட்டவில்லை. "பேங்க்ல இப்படி ஒரு நாளாவது செஞ்சிருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இன்றைய பேச்சு முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் எண்களைப் பார்ப்போம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. ப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று ஆண்டுகளில் நஷ்டம். மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடிக்கு மேல். 2025 ஜூலையில் வந்த அடுத்த ஆய்விலும், 2024-25இல் 91 சதவீதம் பேர் நஷ்டம். நம் குடியிருப்பில் பத்துப் பேர் இறங்கினால் ஒன்பது பேர் இழப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் நாம்தான் அந்தப் பத்தாவது ஆள் என்று நினைக்கிறோம். நானும் நினைத்தேன்.

அடுத்து அளவு. 2024 நவம்பரில் செபி ஒப்பந்த மதிப்பைக் குறைந்தது 15 லட்சம் ஆக்கியது. அதையடுத்து நிஃப்டி லாட் 25-இலிருந்து 75 ஆனது. 2025-இல் இருந்த அந்த 75 யூனிட் லாட்டின் மதிப்பு, நிஃப்டி 24,500 என்றால், 18,37,500 ரூபாய். மார்ஜினாக நாம் கட்டியது இரண்டு, இரண்டரை லட்சம். ஆனால் லாப நஷ்டம் 18 லட்சத்துக்கும் சேர்த்துத்தான். ஒரு புள்ளிக்கு 75 ரூபாய். ஜூன் 4 மாதிரி ஒரு நாள் வந்தால், 75 யூனிட் லாட் ஒரே ஒன்றுக்கு 1,03,000 ரூபாய்க்கு மேல் போகும்.

செலவையும் பாருங்கள். 2025-இல் விற்கும்போது பரிவர்த்தனை வரி 0.02 சதவீதமாக இருந்தது. அதுவே 367 ரூபாய். புரோக்கரேஜ், எக்ஸ்சேஞ்ச் கட்டணம், முத்திரைத் தீர்வை, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தால் ஒரு லாட் வாங்கி விற்க 500 ரூபாய்க்கு மேல் ஆனது. அதாவது நிஃப்டி ஏழு புள்ளி நமக்குச் சாதகமாகப் போன பிறகுதான் நம் கணக்கு பூஜ்யத்துக்கு வந்தது. ஒரு நாளைக்கு மூன்று முறை, மாதம் இருபது நாள் செய்தால் செலவு மட்டும் முப்பதாயிரம் ஆனது. நம்மில் பலருக்கு அது ஒரு மாத பென்ஷன்.

இப்போது என் ஐந்து விதிகள். நானாகக் கண்டுபிடித்தது எதுவும் இல்லை, எல்லாம் கேஷ் கவுண்டரில் கற்றதுதான்.

முதலாவது, பணம். மருந்துச் செலவு, பிள்ளைகள் ஃபீஸ், வீட்டுக்கடன் தவணை, இவற்றுக்கான பணம் உள்ளே போகக் கூடாது. கடன் வாங்கிச் செய்யவே கூடாது.

இரண்டாவது, ஒரு வர்த்தகத்தில் போகக்கூடியது மூலதனத்தில் ஒரு சதவீதம். என்னிடம் மிஞ்சியதில் 5 லட்சத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரு சதவீதம் 5,000. செலவுக்கு 500 கழித்தால் 4,500. அதை 2025-இன் லாட் அளவான 75-ஆல் வகுத்தால் 60 புள்ளி. வாங்கிய உடனேயே 60 புள்ளிக்குக் கீழே ஸ்டாப் லாஸ் ஆர்டர் சிஸ்டத்தில் இருக்க வேண்டும், மனதில் இருந்தால் போதாது. 60 புள்ளி போதாத அளவுக்குச் சந்தை ஆடுகிறதா, அன்றைக்கு விடுமுறை. இன்னொன்றும் கவனியுங்கள். உங்களிடம் மார்ஜினுக்கு மட்டும் இரண்டரை லட்சம் இருக்கிறது என்றால் இதே கணக்கில் உங்களுக்குக் கிடைப்பது 26 புள்ளிதான். நிஃப்டி சில நிமிடங்களிலேயே அவ்வளவு ஆடிவிடும். லாட்டைப் பாதியாக வெட்டவும் முடியாது. ஆகவே அந்தத் தொகைக்கு இந்தத் தொழில் ஒத்துவராது. இது தைரியத்தைப் பற்றிய விஷயம் இல்லை, வெறும் வகுத்தல் கணக்கு.

மூன்றாவது, ஒரு நாளில் இரண்டு நஷ்டம் வந்தால் கவுண்டர் மூடப்பட்டது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கீழே வந்து நடங்கள். போனதை இன்றே பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தால், அதுதான் பெரிய நஷ்டத்தின் வாசற்படி.

நான்காவது, மதியம் 3.15-க்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். இரவு தாண்டி எதையும் வைத்திருக்கக் கூடாது. ஸ்டாப் லாஸ் எல்லா நேரமும் காப்பாற்றாது. மறுநாள் காலை சந்தை நூறு புள்ளி தள்ளித் திறந்தால் நம் விலை நமக்குக் கிடைக்காது. பட்ஜெட் நாள், ரிசர்வ் வங்கி வட்டி அறிவிக்கும் நாள், தேர்தல் முடிவு நாள் ஆகியவற்றில் நான் உட்காருவதே இல்லை.

ஐந்தாவது, நோட்டு. எத்தனை மணிக்கு, என்ன காரணத்துக்கு வாங்கினேன், ஸ்டாப் லாஸ் எங்கே, விதியை மீறினேனா, இல்லையா. தினமும் எழுத வேண்டும். வங்கியில் ஒருவர் எழுதுவதை இன்னொருவர் சரிபார்ப்பார் அல்லவா? என் நோட்டைத் தினமும் இரவு சரிபார்ப்பது என் மனைவி. அவளுக்கு நிஃப்டி பற்றித் தெரியாது. ஆனால் "ஸ்டாப் லாஸ் 60-ன்னு போட்டிருக்கு, நஷ்டம் 85-ன்னு இருக்கே, ஏன்?" என்று கேட்கத் தெரியும். அது போதும்.

விதிகள் எல்லாம் சரி, பலன் என்ன என்று கேட்பீர்கள். இரண்டு மாதம் காகிதத்தில் மட்டும் பழகிவிட்டு, 2024 ஆகஸ்ட் முதல் 2025 ஜூலை வரை இந்த விதிகளோடு செய்தேன். மொத்தம் 118 வர்த்தகம். அதில் 49 லாபம், 69 நஷ்டம். ஆமாம், பாதிக்கு மேல் தோல்விதான். நஷ்டம் சிறியதாகவும் லாபம் சற்றுப் பெரியதாகவும் இருந்ததால், செலவு போக 41,000 ரூபாய் நின்றது. அதே 5 லட்சத்தை மூத்த குடிமக்கள் டெபாசிட்டில் ஏழரை சதவீதத்துக்குப் போட்டிருந்தால் 37,500 வந்திருக்கும். ஒரு வருடம் கண் வலிக்க உட்கார்ந்ததற்குக் கூலி 3,500 ரூபாய். ஜூன் 4-இல் போனது அப்படியே போனதுதான். 8 லட்சம் 35 சதவீதம் குறைந்தால், பழைய இடத்துக்கு வர 54 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். கீழே இறங்குவது எளிது, ஏறுவதற்கு வேறு கணக்கு.

வரி விஷயமும் ஒரு வார்த்தை. ப்யூச்சர்ஸ் லாப நஷ்டம் தொழில் வருமானக் கணக்கில் வரும். பென்ஷன்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 செல்லாது, ஐடிஆர்-3 போட வேண்டும். நஷ்டத்தைப் பென்ஷனில் கழிக்க முடியாது. ஆனால் உரிய தேதிக்குள் தாக்கல் செய்தால் எட்டு ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம். நஷ்டம்தானே என்று காட்டாமல் விடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் டிப்ஸ் தருகிறேன், உங்கள் கணக்கை நானே நடத்தித் தருகிறேன் என்று யார் வந்தாலும், பாஸ்வேர்டையும் ஓடிபியையும் கொடுக்காதீர்கள். கவுண்டர் சாவியைத் தெருவில் போகிறவரிடம் கொடுப்பீர்களா?

முன்வரிசைத் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று மாதம் பணம் போடாமல் காகிதத்தில் செய்யுங்கள். நோட்டோடு என் வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். காபி உண்டு. தொண்ணூறு நாள் நோட்டு எழுத முடியவில்லை என்றால், உங்களுக்கு இது வேண்டாம் என்று தெரிந்துகொண்டீர்கள், ஒரு பைசா செலவில்லாமல்.

ஏற்கெனவே பணத்தை இழந்துவிட்டு வீட்டில் சொல்லாமல் இருப்பவர் யாராவது இந்த ஹாலில் இருந்தால், அவர் இன்று மாலையே சொல்லிவிடட்டும். பதினொரு நாள் வேண்டாம். டேலி ஆகாத கணக்கை மூடி வைத்தால் அது வளரத்தான் செய்யும்.